யாருக்கு அடியேன்?

பழைய ஸ்ரீவைணவ இல்லங்களில் பெரியவர் ஒருவர் கூடத்திலிருந்து குரல் கொடுத்தால், உள்ளிருந்து ‘என்ன?’ என்றோ ‘இதோ வருகிறேன்’ என்றோ மறுமொழி வராது. ‘அடியேன்!’ என்னும் ஒற்றைச் சொல்லே வரும். இட்ட பணியை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமும் அச்சொல்லே. விடைபெறும்போது நாவில் எழுவதும் அச்சொல்லே. ஆசாரியனுக்கு ஓலையோ அஞ்சலோ எழுதத் தொடங்கினால் ‘அடியேன் தண்டன் சமர்ப்பித்து விண்ணப்பம்’ என்றே கை எழுதும். இன்றும் திருவரங்கத்திலோ திருநகரியிலோ வீதியில் நடக்கும் முதியவர் தம் கைப்பேசியை எடுத்தவுடன் ‘அடியேன்’ என்று தொடங்குவதையும், பேசி முடித்து ‘அடியேன்’ என்று வைப்பதையும் கேட்கலாம். நூற்றாண்டுகள் பல கடந்தும் இச்சொல் தேயவில்லை. தேயாத சொல்லின் பொருள் தேய்ந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி.

‘அடி’ என்பது பாதம். அதனோடு ‘ஏன்’ என்னும் தன்மை ஒருமை விகுதி சேர ‘அடியேன்’ ஆயிற்று. வந்தேன், கண்டேன் என்னும் வினைகளின் இறுதியில் நிற்பதும் இதே விகுதிதான். சிறியேன், எளியேன், பேதையேன், நாயேன் என்று அருளாளர்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் சொற்கள் யாவும் இதே வார்ப்பில் அமைந்தவை. ஆயினும் இவற்றுள் ‘அடியேன்’ ஒன்றுக்குத் தனித்ததோர் இயல்பு உண்டு. எளியேன் என்பவன் தனியே நின்றும் எளியவனாக இருக்கலாம். பேதையேன் என்பவன் யாருமில்லாக் காட்டிலும் பேதையே. அடியேன் என்பவனோ தனியே நிற்க இயலாது. அடி என்று சொன்னவுடனே, ‘யாருடைய அடி?’ என்னும் வினா எழுந்துவிடுகிறது. மற்றச் சொற்கள் ஒருவனுடைய குணத்தைச் சொல்கின்றன; இது அவனுடைய உறவைச் சொல்கிறது.

இன்னொரு நயமும் உண்டு. அடியவன், அடியாள் என்று படர்க்கையில் சொல்லும்போது ஆண், பெண் என்னும் பகுப்பு வந்துவிடுகிறது. தமிழில் தன்மைக்கு அந்தப் பகுப்பு இல்லை. ஆகையால் அரசனும் ஆய்ச்சியும், ஆசாரியனும் அவர் இல்லத்தில் பாத்திரம் துலக்குபவளும் ஒரே சொல்லால் தம்மைச் சொல்லிக்கொள்ள முடிகிறது. பலராகச் சேர்ந்தால் அடியோம், அவ்வளவுதான்.

இறைவனை நினைத்தால் முதலில் அவன் திருவடியை நினைப்பது தமிழ் மரபு. திருக்குறளின் முதல் அதிகாரமாகிய கடவுள் வாழ்த்தின் 10 குறள்களில் 7 குறள்கள் இறைவனைப் பற்றிப் பேசும்போது அவன் அடியையோ தாளையோ பற்றியே பேசுகின்றன. திருமுகத்தைப் பற்றி ஒரு குறள்கூட இல்லை. முகத்தைக் காண நிமிர வேண்டும். அடியைக் காணக் குனிய வேண்டும். ‘வணங்கு’ என்னும் வினைக்கு வளைதல் என்பதே முதற்பொருள் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம்.

இச்சொல்லுக்கு வைணவ ஆசாரியர்கள் எவ்வளவு ஆழமான இடம் கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. திருவாய்மொழியின் ஈட்டு வியாக்கியானம் இதனைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. உயிரின் இயல்பு யாது என்று திருவரங்கத்தில் ஒரு வினா எழுந்தது. அறிவுடைமையே உயிரின் முதன்மையான இயல்பா, இறைவனுக்கு அடிமைப்பட்டிருத்தலே முதன்மையான இயல்பா? உடையவராகிய இராமாநுசர் இதற்கு விடை வேண்டித் தம் சீடர் கூரத்தாழ்வானைத் திருக்கோட்டியூர் நம்பியிடம் அனுப்பினார். நம்பி எளிதில் வாய் திறப்பவர் அல்லர். ஆழ்வானோ நூறு நூல்களை நாவில் வைத்திருந்த பேரறிஞர். அவர் 6 மாதம் நம்பியின் இல்லத்தில் பணிவிடை செய்து காத்திருந்தார். பின்னர்த்தான் நம்பி விடை சொன்னார். நீண்ட வாதம் எதையும் அவர் எடுத்துரைக்கவில்லை. நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் ஓரிடத்தைச் சுட்டிக் காட்டினார். எம்பெருமான் என் உயிருக்குள்ளும் இருக்கிறான், உடலுக்குள்ளும் இருக்கிறான் என்று ஆழ்வார் சொல்ல வந்த இடம் அது. அங்கே ‘உயிர்’ என்ற சொல்லையோ ‘நான்’ என்ற சொல்லையோ ஆழ்வார் வைக்கவில்லை; ‘அடியேன்’ என்றே வைத்திருந்தார். உயிருக்கு மறுபெயர் அதுவாக இருக்கும்போது, அடிமையே அதன் உள்ளியல்பு என்பதில் ஐயம் என்ன?

விடையைக் காட்டிலும் அந்த 6 மாதம் கவனிக்கத்தக்கது. அடிமை என்பதன் பொருளைக் கேட்க வந்தவர் அதனைக் கேட்குமுன்னரே அரையாண்டு வாழ்ந்து பார்த்துவிட்டார்.

இந்தப் பொருளைச் சுற்றி வைணவர்கள் ஒரு மொழியையே வளர்த்தார்கள். தன்னை ‘அடியேன்’ என்பவர் எதிரில் இருப்பவரைத் ‘தேவரீர்’ என்பார். அவருடைய இல்லம் திருமாளிகை. தன்னுடைய இல்லம், அது மூன்றடுக்கு மாடியாகவே இருந்தாலும், குடிசை. அவர் எழுந்தருளுகிறார், இவர் விடைகொள்கிறார். அவர் அமுது செய்கிறார், கண்வளர்கிறார். வயதில் மூத்தவரும் இளையவரும் ஒருவரையொருவர் விழுந்து சேவித்துக்கொள்ளும் வழக்கமும் இந்த மொழியின் உடன்பிறப்பே. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். பழகியவர்களுக்கோ இது பல் துலக்குவதுபோல் அன்றாடச் செயல். பழக்கமாகிவிட்டது என்பதிலேதான் அபாயமும் இருக்கிறது. நா ‘அடியேன்’ என்னும்போது நெஞ்சு ‘நான்’ என்று சொல்லிக்கொண்டிருக்க எவ்விதத் தடையும் இல்லை அன்றோ!

ஓலையால் வந்த உறவு

சைவ உலகில் இச்சொல்லை உலகறியச் செய்தவர் சுந்தரமூர்த்தி சுவாமிகள். அவரிடம் இச்சொல் இனிமையாக வந்து சேரவில்லை. ஒரு வழக்காக வந்து சேர்ந்தது.

திருநாவலூரில் ஆதிசைவக் குலத்தில் தோன்றி, நரசிங்கமுனையரையர் என்னும் மன்னரால் வளர்க்கப்பட்ட நம்பியாரூரருக்குப் புத்தூரில் சடங்கவி சிவாசாரியாரின் திருமகளோடு மணம் நிகழவிருந்தது. மணப்பந்தரில் குடையும் தண்டும் தாங்கிய முதிய அந்தணர் ஒருவர் வந்து நின்று, ‘இந்த மணமகன் எனக்கு அடிமை, இவனுடைய பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது’ என்றார். கேட்ட நம்பியாரூரர் நகைத்தார். ஓர் அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாவது என்பதை உலகில் யாரேனும் கேட்டதுண்டா, நீர் பித்தரோ என்று சினந்தார். முதியவரைத் துரத்திப் பிடித்து, ஓலையைப் பறித்துக் கிழித்தும் எறிந்தார்.

கிழிபட்டது படியோலைதான்; மூலவோலை திருவெண்ணெய்நல்லூரில் அவையத்தார் முன் வந்தது. பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த அவையோர், ‘நம்பி! நீர் தோற்றீர், இவருக்கு ஏவல் செய்வதே முறை’ என்று தீர்ப்பளித்தனர். இவ்வூரில் உம்முடைய இல்லம் எது என்று முதியவரைக் கேட்க, அவர் திருவருட்டுறை என்னும் திருக்கோயிலுக்குள் நுழைந்து மறைந்தார். அதன்பின் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. பித்தன் என்று வைத வாயாலேயே பாடும்படி இறைவன் பணித்தான்.

பெரியபுராணத்தில் சேக்கிழார் பெருமான் தடுத்தாட்கொண்ட புராணத்தில் இந்த வழக்கை விரிவாக, ஏறத்தாழ ஒரு நீதிமன்ற நடவடிக்கையைப்போல் எழுதியிருக்கிறார். அவர் சோழ அரசில் அமைச்சராயிருந்தவர். ஓலையும் ஆவணமும் அவருக்குப் புதியவை அல்ல. ஆட்களை அடிமையாக எழுதிக்கொடுக்கும் ஓலைகள் வழங்கிய காலம் அது. ஆகவே அன்றைய மக்கள் இந்தக் கதையைக் கேட்டபோது, ‘அடிமை’ என்னும் சொல்லை ஓர் உவமையாக மட்டும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வற்புறுத்தி வாங்கிய சொல்

அந்த மற்றொரு பொருளையும் மறைக்காமல் பார்ப்பதே இச்சொல்லுக்குச் செய்யும் நேர்மை.

இராகு, கேது வழிபாட்டுக்காக இன்று அன்பர்கள் நாடிச் செல்லும் திருப்பாம்புரத்தில் 1201-ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு ஒன்று உண்டு. பஞ்சத்தில் உயிர் பிழைக்க வேறு வழியின்றி வேளாளர் ஒருவரும் அவருடைய பெண்மக்கள் இருவரும் 110 காசுக்குத் தம்மைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதை அது சொல்கிறது. கோயில் அவர்களுக்குச் சோறிட்டது என்பது உண்மை. அவர்கள் விரும்பி அடியாராகவில்லை என்பதும் உண்மை.

தமிழின் உடன்பிறப்பான மலையாள நாட்டில் இதே சொல் ‘அடியன்’ என்று வழங்கியது. தாழ்த்தப்பட்ட குலத்தவர் உயர்குலத்தார் முன் தம்மை ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டும் என்பது அங்கே நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. தம் வீட்டை வீடு என்று சொல்லக்கூடாது. குப்பை என்று பொருள்படும் சொல்லாலேயே குறிக்க வேண்டும். தாம் உண்ணும் கஞ்சியைக் ‘கரிக்காடி’ என்று சொல்ல வேண்டும். ஸ்ரீவைணவர் ஒருவர் தம் மாளிகையைக் குடிசை என்று சொல்லி மகிழ்வதற்கும் இதற்கும் சொல்லளவில் வேறுபாடு சிறிதே. முன்னவர் அப்படிச் சொல்லாவிட்டால் அவரை யாரும் அடிக்கப்போவதில்லை. வேறுபாடு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

வயநாட்டில் ஒரு பழங்குடியினருக்குப் பெயரே அடியர். அவர்கள் தம்மை ராவுளர் என்று சொல்லிக்கொள்வர். அடியர் என்பது பிறர் இட்ட பெயர். மானந்தவாடிக்கு அருகே வள்ளியூர்க்காவு பகவதி கோயிலின் ஆண்டுத் திருவிழாவில் நிலக்கிழார்கள் முன்பணம் கொடுத்து இவர்களை ஓராண்டுக்கு வேலைக்குப் பிணைத்துக்கொள்ளும் வழக்கம் சென்ற நூற்றாண்டிலும் இருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ஆம் ஆண்டில் வந்தது. திருவிழாவுக்கு வந்த ஒரு கூட்டம் பகவதியின் முன் கைகூப்பி ‘அடியேன்’ என்று உருகியிருக்கும். அதே நாளில், அதே மதிலுக்கு வெளியே, இன்னொரு கூட்டம் அதே சொல்லால் விலை பேசப்பட்டது.

மறுக்கும் உரிமை இருந்தும் மறுக்காமல் சொல்லும்போதுதான் இச்சொல் மரியாதையாகிறது. சுந்தரரும் முதலில் மறுத்தவரே.

‘அப்பரே’ என்ற அழைப்பு

விரும்பிச் சொன்னவர்களிடத்தும் ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. இறைவன் திருமுன் நின்று ‘அடியேன்’ என்பதற்குப் பெரிய முயற்சி வேண்டியதில்லை. உயர்ந்த கோபுரமும், இருண்ட கருவறையும், தீபாராதனையின் ஒளியும் மனத்தைத் தாமே பணிய வைத்துவிடும். சந்நிதியை விட்டு வெளியே வந்தபின், பிரசாத வரிசையில் இடித்துக்கொண்டு நிற்கும் மற்றோர் அன்பரைப் பார்த்து அதே சொல்லைச் சொல்வதுதான் கடினம். அவருக்கு மேலே ஒரு கோபுரம் இல்லை. அவர் நம்மினும் இளையவர், கல்வியில் குறைந்தவர், பிறப்பில் நாம் மதியாத ஒருவர் என்றால் இன்னும் கடினம்.

சீகாழியில் நடந்த ஒரு சந்திப்பைச் சேக்கிழார் காட்டுகிறார். திருநாவுக்கரசர் அப்போது சூலைநோயும், சுண்ணாம்புக் காளவாயும், கல்லோடு கட்டிக் கடலில் இட்டதும் ஆகிய அத்தனையையும் கடந்து வந்த பெரியவர். எதிர்கொண்டு வந்த திருஞானசம்பந்தரோ சிறு பிள்ளை. அடியார் கூட்டத்திடையே நாவுக்கரசர் பிள்ளையின் திருவடியில் விழ, பிள்ளை அவரைக் கைகளால் எடுத்து ‘அப்பரே’ என்று அழைத்தார். அப்பர் என்னும் பெயர் உலகுக்குக் கிடைத்தது அந்தக் கணத்தில்தான். அந்த அழைப்புக்கு நாவுக்கரசர் சொன்ன மறுமொழி ஒரே சொல்: ‘அடியேன்.’

தந்தையே என்று கூப்பிட்ட குழந்தைக்கு, தந்தை அடியேன் என்று மறுமொழி சொல்கிறார். வைணவ இல்லத்துக் கூடத்தில் கேட்கும் அதே அழைப்பும் மறுமொழியும்தான். ஆனால் இங்கே வயது தலைகீழாக நிற்கிறது. பேரப்பிள்ளைகள் வந்து காலில் விழுவதை எதிர்பார்த்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் வயதில் இருப்போர் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்கலாம்.

இன்னொரு முறை, பாண்டி நாட்டிலிருந்து சம்பந்தர் முத்துச்சிவிகையில் திருப்பூந்துருத்திக்கு எழுந்தருளினார். அங்கே தங்கியிருந்த அப்பர், கூட்டத்தில் யாரும் அறியாவண்ணம் கலந்து, சிவிகை தாங்குவோரில் ஒருவராய்த் தோள்கொடுத்து நடந்துவந்தார். ஊர் நெருங்கியதும் ‘அப்பர் எங்குற்றார்?’ என்று பிள்ளை கேட்க, சிவிகையின் கீழிருந்து குரல் வந்தது: உம்மைத் தாங்கிவரும் பேறு பெற்று இங்கே உள்ளேன் என்று. பதறிக் கீழே குதித்த சம்பந்தர் வணங்குமுன் அப்பர் அவரை வணங்கினார். அதற்கு முன்பே கயிலைக்கு நடந்து கால் தேய்ந்து, கையால் தவழ்ந்து கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து சென்ற உடம்பு அப்பருடையது. முழங்கால் மடங்காத வயதில், விழுந்து வணங்க இயலவில்லையே என்று கலங்கும் பெரியவர்கள் உண்டு. சீகாழியில் பிள்ளையின் அழைப்புக்கு அப்பர் கொடுத்த மறுமொழிக்கு முழங்கால் தேவைப்படவில்லை.

வைணவ வரலாற்றில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவர் முதலியாண்டான். இராமாநுசரின் சகோதரி மகன், சாத்திரங்களைக் கரைகண்டவர். உடையவரின் ஆசாரியர் பெரிய நம்பி. அவருடைய மகள் அத்துழாய் புகுந்த வீட்டில், விடியற்காலையில் தொலைவிலுள்ள நீர்நிலைக்குத் தனியே போக அஞ்சித் துணை கேட்டாள். மாமியாரோ, ‘உன் பிறந்தகத்திலிருந்து ஒரு சீதன வெள்ளாட்டியை அழைத்து வருவதுதானே?’ என்று குத்தலாகச் சொன்னாள். சீதன வெள்ளாட்டி என்றால் மணப்பெண்ணோடு அனுப்பப்படும் பணிப்பெண். அத்துழாய் தந்தையிடம் அழுதாள். நம்பி அவளை உடையவரிடம் அனுப்பினார். உடையவர் எதிரில் நின்ற முதலியாண்டானைக் காட்டி, ‘இதோ உன் சீதன வெள்ளாட்டி, அழைத்துப் போ’ என்றார்.

ஆண்டான் ஒரு சொல்லும் பேசாமல் அவளோடு போனார். துணைக்குச் சென்றார், தண்ணீர் சுமந்தார், அடுப்படி வேலை செய்தார். வந்திருப்பவர் யார் என்று அறிந்த பின்னர் அந்த வீட்டார் நாணித் தலைகுனிந்தனர். உடையவரின் கோஷ்டியில் ‘அடியேன்’ என்று சொல்லாதவர் யாருமிலர். ஆனால் பிறர் வீட்டு அடுப்படியில் அச்சொல்லை உரைத்துப் பார்த்தவர் இவர்.

பெருமாள் கோயில்களில் தலையில் சாதிக்கும் திருவடிநிலைக்குச் சடாரி என்றும் ஸ்ரீசடகோபம் என்றும் பெயர். சடகோபர் நம்மாழ்வார், அவரே எம்பெருமானின் திருவடி என்பது கொள்கை. அதுபோலவே உடையவர் சந்நிதியில் சாதிக்கப்படும் திருவடிநிலைக்கு முதலியாண்டான் என்று பெயர். அடியேன் என்றவர் அடியாகவே ஆகிவிட்டார். அந்தப் பெயரைச் சொல்லித் தலையைத் தாழ்த்துவோரில் எத்தனை பேருக்கு அந்த அடுப்படி நினைவுக்கு வருமோ!

தேவாசிரிய மண்டபத்தில்

திருவெண்ணெய்நல்லூரில் ஆட்கொள்ளப்பட்ட சுந்தரர் காலப்போக்கில் இறைவனுக்குத் தோழராகவே ஆகிவிட்டார். ‘தம்பிரான் தோழர்’ என்று ஊரே அழைத்தது. பொன் வேண்டும், நெல் வேண்டும் என்று உரிமையோடு கேட்பார், இறைவன் கொடுப்பான். இப்படி நெருங்கிவிட்டவருக்கு அடியார்களைக் கண்டால் என்ன தோன்றியிருக்கும்?

திருவாரூர்க் கோயிலில் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் திரண்டிருந்தனர். பூங்கோயிலுக்குள் போகும் சுந்தரர் அவர்களைக் கண்டார். இவர்களுக்கு நான் அடியேனாகும் நாள் எந்நாளோ என்று உள்ளத்தில் எண்ணினார் என்கிறார் சேக்கிழார். எண்ணினார், ஆனால் நின்று வணங்கவில்லை, ஒதுங்கி உள்ளே போய்விட்டார். சேரநாட்டுச் செங்குன்றூரிலிருந்து வந்து அங்கிருந்த விறன்மிண்டர் அதைப் பார்த்தார். அடியாரை வணங்காமல் போகிற வன்தொண்டன் இந்தக் கூட்டத்துக்குப் புறம்பு. அவனை ஆண்ட பெருமானும் புறம்பு என்று உரத்துச் சொல்லிவிட்டார்.

உள்ளத்தில் இருந்தது போதாதா என்று கேட்கத் தோன்றும். மனத்துக்குள் மரியாதை வைத்திருக்கிறேன், வெளியில் காட்டிக்கொள்வதில்லை என்று சொல்பவர்கள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. விறன்மிண்டர் அதை ஏற்கவில்லை. வியப்பு என்னவெனில், தன்னையும் புறம்பு என்று சொன்னவர் பக்கமே இறைவனும் நின்றான். சுந்தரர் உள்ளே சென்று வேண்டியபோது, அடியார்களைப் பாடு என்று பணித்தான். அவர்கள் பெருமையை நான் எவ்வாறு அறிவேன் என்று சுந்தரர் தயங்க, பதிகத்தின் தொடக்கத்தை இறைவனே எடுத்துக்கொடுத்தான். தில்லைவாழ் அந்தணர்களை முன்வைத்து, அவர்தம் அடியார்க்கும் தான் அடியேன் என்று அமைந்த தொடக்கம் அது. ஆக, திருத்தொண்டத்தொகையில் அச்சொல் முதலில் எழுந்தது ஆண்டவனுடைய வாயிலிருந்து. இதையெல்லாம் பாடவந்த சேக்கிழாருக்கும் முதற்சொல்லை எடுத்துக்கொடுத்தவன் அவனே என்பது மரபு; முதலடி எடுத்துக்கொடுப்பது கூத்தப்பெருமானுக்கு ஒரு வழக்கம் போலும்.

அதன்பின் 11 பாடல்களில் பெயர் பெயராக வருகிறது; ஒவ்வொரு பெயரின் பின்னும் ‘அடியேன்’ வருகிறது. மண்பாண்டம் வனையும் திருநீலகண்டருக்கு அடியேன். வேடர் கண்ணப்பருக்கு அடியேன். ஆடை வெளுக்கும் திருக்குறிப்புத்தொண்டருக்கு அடியேன். மீன்பிடிக்கும் அதிபத்தருக்கு அடியேன். கோயிலுக்குள் நுழைய முடியாமல் நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாள் கடத்திய திருநாளைப்போவாருக்கு அடியேன். தன்னைப் பேய் என்று சொல்லிக்கொண்ட காரைக்கால் அம்மைக்கு அடியேன். தன்னை வளர்த்த நரசிங்கமுனையரையருக்கும் அடியேன்.

அந்தணன் அந்தணனுக்கு அடிமையாவதை உலகம் கேட்டதுண்டா என்று புத்தூர் மணப்பந்தரில் நகைத்த அதே வாய் இது. தன்னைப் புறம்பு என்று தள்ளிய விறன்மிண்டரை அந்தப் பதிகத்தில் எங்கே வைத்தார் என்று தேடிப் பார்ப்போர் முதல் பாடலிலேயே காண்பர். வசை பாடியவர் பெயரைக் கடைசிக்குத் தள்ளவும் இல்லை. அடைமொழியைக் குறைக்கவும் இல்லை.

தனித்தனிப் பெயர்களோடு 9 தொகையடியார்களையும் சுந்தரர் சேர்த்திருக்கிறார்; பெயர் தெரியாத கூட்டங்கள் இவை. பத்தராய்ப் பணிவோர் ஒரு கூட்டம். திருவாரூரில் பிறந்தவர் யாவரும் ஒரு கூட்டம். முழுநீறு பூசிய முனிவர் ஒரு கூட்டம். அவற்றுள் ஒன்றின் பெயர் ‘அப்பாலும் அடிச்சார்ந்தார்.’ யார் இவர்கள்? சேக்கிழார் விளக்கம் சொல்கிறார். சேர சோழ பாண்டிய நாடுகளுக்கு அப்பாலிருந்து அடியடைந்தவர்கள், பாடப்பட்ட அடியார்களின் காலத்துக்கு முன்னே இருந்தவர்கள், பின்னே வரப்போகிறவர்கள்.

ஆடி மாதத்துச் சுவாதி நாளில் சுந்தரர் குருபூசை நடக்கும் கோயில்களில் ஓதுவார் திருத்தொண்டத்தொகையைப் பாடுவார். தூணோரத்தில் சாய்ந்தும், படியில் அமர்ந்தும், கால் வலியால் பின்வரிசையில் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தும் சிலர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஓதுவார் அந்தப் பெயருக்கு வரும்போது, சுந்தரர் அவர்களுக்கும் அடியேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.